உன் கட்டடத்தின் பெயர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்மா" என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு வாரமாக அதே நினைப்புதான்.

பிள்ளை பிறந்து 42 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் என்ன எழுத என்று கேட்டாய். உன் அப்பா பெயரா, மாப்பிள்ளை பெயரா, மாப்பிள்ளையின் அப்பா பெயரா, இல்லை புதிதாக ஒன்றா? நான் 31 வருடம் வருகைப் பதிவேடு வாசித்தவள். இனிஷியல் தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருநாளும் என் மேஜைக்கு வந்ததில்லை. நீ இங்கிலாந்து போன புதிதில் ஒரு வங்கி உன் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரை மட்டும் அச்சடித்து அட்டை அனுப்பியதும், நீ அன்று ராத்திரி அழுததும் எனக்கு மறக்கவில்லை. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனசில்லை.

நீ அனுப்பிய படத்தில், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் உன் அலுவலகம் இருக்கிற 18 மாடிக் கட்டடத்தைப் பார்த்தேன். அட்டன்பரோ டவர். 'காந்தி' படம் எடுத்தவர் பெயர் ஆயிற்றே என்று அதிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன். கட்டடத்துக்கு ரிச்சர்ட் அட்டன்பரோவின் பெயரை வைக்கவில்லை, அவருடைய அப்பா ஃபிரடெரிக்கின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1932 முதல் 1951 வரை அங்கே கல்லூரி முதல்வராக இருந்தவர். ரிச்சர்டும், விலங்குகளைப் பற்றிப் படம் எடுக்கிற டேவிடும், ஜான் என்று இன்னொரு தம்பியும் அந்த வளாகத்திலேயே வளர்ந்த பிள்ளைகள். ஃபிரடெரிக் பிறந்தது நாட்டிங்ஹாம்ஷயரில் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஊரில். அங்கிருந்து சில மைல் தள்ளி, டிரென்ட் ஆற்றங்கரையில், அட்டன்பரோ என்றே ஒரு ஊர் இருக்கிறது. எத்தனை நூற்றாண்டு தாண்டியும் அந்தக் குடும்பம் பெயர் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

ஊர்ப் பெயருக்கு ஆய்வாளர்கள் சொல்கிற பொருள், அட்டா என்பது போன்ற பெயருடைய ஒருவனின் அரண். 'பரோ' என்பது பழைய ஆங்கிலத்தில் அரண் கட்டிய இடம். எடின்பரோவில் இருப்பதும், கேன்டர்பரியில் 'பரி' என்று ஆனதும் அதே சொல்தான். அந்த அட்டா யார், எப்படி இருந்தான் என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. குடும்பப் பெயருக்கு இன்னொரு விளக்கமும் சொல்கிறார்கள். நடுக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தருகே'. அரணுக்குப் பக்கத்தில் குடியிருந்தவன் அட்டன்பரோ. நம் ஊரில் புளியடி வீட்டுக்காரர், வாய்க்கால் கரையார் என்று சொல்கிறோமே, அதே வழக்கம். நமக்குச் சுதந்திரம் வந்தபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த அட்லியின் பெயர்கூட இப்படி வந்ததுதான், காட்டுக்கு நடுவே வெட்டிய வெளியில் குடியிருந்தவன் என்று அர்த்தம். ஆஷ் மரத்தடியில் இருந்தவன் 'அட்டன் ஆஷ்'. அதில் முன்பாதி உதிர்ந்து, ஒரு 'ன்' மட்டும் ஒட்டிக்கொண்டு, நாஷ் என்று ஆகிவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்தேன்.

நாம் நினைக்கிற மாதிரி ஆங்கிலேயர்களுக்கும் குடும்பப் பெயர் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு, நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்களில் முதலில் தொடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 1400 வாக்கில்தான் பெரும்பாலானவர்களுக்கு அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிற பெயராக நிலைத்தது. அதற்கு முன்னால் அவர்களும் நம்மைப் போல ஒற்றைப் பெயர்க்காரர்கள். அப்பா பெயர், ஊர்ப் பெயர், தொழில் என்று தேவைக்குத் தகுந்தபடி சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். உயிரியல் டீச்சரிடம் கேட்டால் குரோமோசோம் வராமல் இருக்குமா?

அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அந்த வழியாகத்தான் போகிறது. அப்படியானால் ஒரே பெயர்க்காரர்களுக்கு ஒரே ஒய் இருக்க வேண்டுமே? இதை அளந்து பார்த்தவர்கள் உன் லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்களேதான், டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும். வாகன நிறுத்தத்துக்கு அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பை டிஎன்ஏ வைத்து உறுதி செய்த குழுவில் இருந்தாரே, அதே டூரி கிங். 2009-இல் வெளியான ஆய்வில் 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித் என்ற பெயர்க்காரர்களை எடுத்தால், தெருவில் போகிற யாரையோ நிறுத்திக் கேட்டது போலத்தான். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஊர் கொல்லர் இருந்திருப்பார், பெயர் நூறு இடத்தில் தனித்தனியாகப் பிறந்திருக்கும். இன்றைக்கு ஸ்மித்துகள் ஐந்து லட்சத்துக்கும் மேலே. அட்டன்பரோக்கள் அதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஆனால் எழுத்துக்கூட்டல் எப்படி மாறியிருந்தாலும், அந்தப் பெயருள்ள ஆண்கள் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு ஒரே வகை ஒய். அதாவது, ஏறத்தாழ எல்லோரும் ஒரே ஒரு மனிதனின் வழி வந்தவர்கள்!

அப்படியென்றால் அந்தக் காலத்தில் அட்டன்பரோ என்று ஒரே ஒருவன்தான் இருந்தானா? அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஊரிலிருந்து வெளியேறிய பலர் அந்தப் பெயரைத் தாங்கியிருக்கலாம். ஒருவனுக்கு மகன் பிறக்காமல் போகும், ஒருவனுக்குப் பிறந்தும் கொள்ளைநோயில் போகும். அத்தோடு அந்தக் கிளையில் பெயர் முடிந்தது. இதைக் கணக்காகவே 1873-இல் ஒருவர் கேள்வியாகப் போட்டார், டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன். மனிதரைத் தரம் பிரித்து வளர்க்க வேண்டும் என்று பேசியவர், அதனால் எனக்கு அவர் மேல் மதிப்பு கிடையாது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு, காலப்போக்கில் பெயர்கள் அழிந்துகொண்டே வரும் என்று காட்டினார். எண்ணிக்கை குறைந்த பெயர்களில் இந்த அழிவு சீக்கிரம் நடக்கும். பல கிளை உதிர்ந்து, ஒன்று மட்டும் மிஞ்சித் தழைக்கும். இன்றைக்கு இருக்கிற அரிய பெயர் ஒவ்வொன்றும் அப்படி மிஞ்சியதுதான். அவர்கள் தாத்தாக்கள் உசத்தி என்பதற்காக மிஞ்சவில்லை. பிள்ளை பிழைத்தது, அவ்வளவுதான்.

ஆக்ஸ்ஃபோர்ட் 2016-இல் வெளியிட்ட குடும்பப் பெயர் அகராதியில் 45,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1881-இல் எத்தனை பேர், 2011-இல் எத்தனை பேர் என்று எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கில் அட்டன்பரோக்கள் பெரும்பாலும் நாட்டிங்ஹாம்ஷயரையும் அதை ஒட்டிய டெர்பிஷயரையும் சுற்றியே இருந்தார்கள். உன் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த அகராதி இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் புரட்டிப் பார்.

மீதி இருக்கிற அந்தப் பத்தில் ஒருவரைத்தான் நான் அதிகம் யோசித்தேன். பெயர் அட்டன்பரோ, ரத்தம் வேறு. தத்துப் பிள்ளையாக வந்திருக்கலாம். கல்யாணமாகாத தாய் தன் பெயரைக் கொடுத்து வளர்த்த பிள்ளையாக இருக்கலாம். இரண்டாம் கல்யாணத்தில் கூட வந்த பிள்ளை புது அப்பன் பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாம். இந்த மாதிரி பெயரும் ரத்தமும் பிரிவது ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து நாலரை வரை என்று அதே ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் யாரோ மடியில் வைத்துச் சோறு ஊட்டித்தானே வளர்த்தார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வில் அம்மாக்கள் இல்லை. ஒய் குரோமோசோமில் இருக்கவும் முடியாது. டேவிட், ரிச்சர்டின் அம்மா மேரி, கிளெக் குடும்பத்துப் பெண். அவருடைய அப்பா லாங் ஈட்டனில் பள்ளித் தலைமை ஆசிரியர். அந்த மூன்று பிள்ளைகளும் பாதி கிளெக்தான், ஆனால் கிளெக் என்று எந்தக் கட்டடத்தின் வாசலிலும் நீ பார்க்க மாட்டாய். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வருடம் பெர்லினிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகளை ஃபிரடெரிக்கும் மேரியும் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிகிற வரை அந்த வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள், தங்கள் சொந்தப் பெயரோடு. இதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

யார்க்ஷயர் கதை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே லெஸ்டர் குழு 2007-இல் எழுதியது. யார்க்ஷயரில் ஒரு அரிய குடும்பப் பெயர். அந்தப் பெயருள்ள 18 பேரைச் சோதித்ததில் 7 பேருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே கண்டிருந்த ஒய் வகை. பார்க்க வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கே விஷயம் தெரியாது. வம்சாவளியைத் தேடினால் 1780-களின் யார்க்ஷயர் வரைக்கும்தான் போக முடிந்தது. ரோமானியப் படையோடு வந்தவனா, அடிமை வணிகத்தில் கொண்டுவரப்பட்டவனா, யாராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் அந்த மனிதனின் பிள்ளைக்கு ஒரு பதிவேட்டில் யார்க்ஷயர் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

'காந்தி' படத்தை நானும் உன் அப்பாவும் கல்யாணமான புதிதில் பார்த்தோம். அதில் காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லியின் பிறந்த பெயர் கிருஷ்ண பண்டிட் பாஞ்ஜி. வெளிநாட்டுப் பெயரை வைத்துக்கொண்டு வாய்ப்புக் கிடைக்காது என்று மாற்றிக்கொண்டவர். அட்டன்பரோ என்ற பெயரை உலகமே வாய் நிறையச் சொல்கிறது. பிலிப்பைன்ஸில் கண்ட பூச்சி தின்னும் குடுவைச் செடி ஒன்றுக்குக்கூட 2009-இல் டேவிடின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கிருஷ்ண பாஞ்ஜி தன் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. இது நியாயமில்லை. உன் பிள்ளையின் பெயர் அவர்கள் வாய்க்கு வராது என்று நீ பயந்து எதையும் சுருக்க வேண்டாம். அட்டன்பரோவைச் சொல்லப் பழகியவர்கள் இதையும் பழகட்டும்.

அதனால் நான் முடிவாகச் சொல்வது இதுதான். கட்டத்தில் எதை வேண்டுமானாலும் நீயும் மாப்பிள்ளையும் பேசி எழுதுங்கள், அந்த நாட்டில் அதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. அப்பா பெயர் வரவில்லை என்றால் அவருக்கு வருத்தம் என்று நினைக்காதே. நேற்று கேட்டேன். "என் பெயரே எங்க ஆச்சி யாரோ ஒரு கம்பவுண்டர் பெயரைக் கேட்டு வைத்தது, அதைப் போய் வம்சத்துக்கு வைக்கணுமா?" என்றார். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காலில் கட்டுகிற பட்டையில் எப்படியும் உன் குடும்பப் பெயராக அவர் பெயர்தான் இருக்கும் என்று சொன்னாயே, அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்துக் கொண்டு வா. என் பெயரையும் எங்காவது சேர்க்க முடியுமா என்று எனக்கும் ஒரு ஆசை இருக்கிறது. நடுப்பெயராக இருந்தால்கூடப் போதும். கட்டாயமில்லை, மனசில் இருந்ததைச் சொன்னேன்.

உடம்பு இடம் கொடுத்தால் பிரசவத்துக்கு முன்னால் ஒருநாள் அட்டன்பரோவுக்குப் போய் வாருங்கள். அந்தப் பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. சரளை தோண்டிய பழைய பள்ளங்களில் தண்ணீர் நிரம்பிப் பறவைகள் வருகிற இடம், 1966-இல் டேவிடே வந்து திறந்துவைத்த சரணாலயம். பக்கத்தில் புனித மரியாள் ஆலயம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரு பொதுக் கல்லறை இருக்கும். 1918 ஜூலை 1-ஆம் தேதி சில்வெல் குண்டு நிரப்பும் தொழிற்சாலை வெடித்து இறந்த 134 பேரில் அடையாளம் தெரிந்தது 32 பேர்தான். அந்தத் தொழிற்சாலையில் நிறையப் பெண்கள் வேலை பார்த்தார்கள், வெடிமருந்தால் தோல் மஞ்சளாகி மஞ்சள் குருவிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். போனால் என் சார்பாக அங்கே கொஞ்சம் பூ வை.

ஈர மண்ணில் வழுக்கும், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நட. பெட்டியில் இன்னும் 4 கிலோவுக்கு இடம் இருக்கிறது. பிரசவ லேகியமும் பனங்கற்கண்டும் எடுத்து வைத்துவிட்டேன், வேறு என்ன வேண்டும் என்று சொல்லு.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை