ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மத்தியானம் ஹெச்.எம். மேடம் போன் பண்ணி, "நம்ம ஸ்கூல் இங்கேயே நடக்கும், எழுத்துல வந்துடுச்சு" என்றார். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. ரெஜிஸ்டரில் பிள்ளைகள் குறைவு என்று நம்ம ஸ்கூலை இங்கிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள். இந்த மூன்று வாரம் பட்ட பாடு பெங்களூருக்குப் பக்கத்தில் ஜிகணி, ஆனேக்கல் பக்கம் இருக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தது 38 பிள்ளைகள், ரெஜிஸ்டரில் இருந்தது 24 பேர். மீதி 14 பேரும் செங்கல் சூளையிலிருந்தும் கல் குவாரி ஷெட்டிலிருந்தும் வருகிறவர்கள். பிறந்த தேதிக்கு ஒரு காகிதமும் இல்லை, அதனால் அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மாணவருக்கும் தருகிற எஸ்.ஏ.டி.எஸ். எண்ணும் இல்லை. எண் இல்லாத பிள்ளை கணக்கில் கிடையாது. நலி கலி (ஆடிப் பாடிக் கற்கிற முறை) அட்டையை வைத்துக்கொண்டு தரையில் வட்டமாக உட்கார்ந்து அ, ஆ படிக்கிற பிள்ளை, ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் வேதாரண்யத்துப் பையனிடம் கன்னடம் கற்றுக்கொண்ட பிள்ளை, கணக்கில் இல்லை!

ரிட்டயர்டு மேஷ்ட்ரு (வாத்தியார்) ஒருவர்தான் வழி சொன்னார். வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, பெற்றவர்கள் வயதை எழுதி உறுதி கொடுத்தால் போதும் என்றார். சரி, 14 கடிதம் வேண்டும். கன்னடத்தில் வேண்டும். மறுநாள் காலை 10 மணிக்குள் வேண்டும். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கன்னடம் பேசுவேன், எழுத வராது. சூளை வேலை முடிந்து வந்த அம்மாக்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனபோது மணி ஏழரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அக்கா அதை மறுபடி தூக்கிவிட்டார்.

நான்தான் சொன்னேன், "அக்கா, தேதி எல்லாத்துக்கும் ஜூன் 1 போட்டுடுங்க" என்று. காலங்காலமாக எல்லா ஊரிலும் நடப்பது அதுதானே. அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "யாக்கே? அம்மா இத்தாரல்லா, கேளோண" என்றார். ஏன், அம்மாதான் இருக்காங்களே, கேட்போம். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் நடந்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஒவ்வொரு அம்மாவையும் ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்டார். தனக்குத் தெரியாத பாஷைக்கு எங்களில் யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒடிசாவிலிருந்து வந்த அம்மா, ஃபானி புயல் அடித்தபோது இவள் பிறந்து பத்து நாள், கூரை போய்விட்டது, பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன் என்றாள். அக்கா போனில் பார்த்தார். ஃபானி பூரி பக்கம் கரை ஏறியது 2019 மே 3. விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணி, ஏப்ரல் 23 என்று எழுதினார். வேதாரண்யத்து அம்மாவுக்கும் புயல்தான் கணக்கு. கஜா அடித்து ரெண்டு நாள் கழித்துப் பிறந்தவன் அவள் மகன். அது 2018 நவம்பர் 16 விடியற்காலை, அப்படியென்றால் இவனுக்கு 18. தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள் அவர்கள். ராய்ச்சூர் அம்மா, "கார ஹுண்ணிமே அன்னிக்கு" என்றதும் அக்காவின் முகமே மலர்ந்துவிட்டது. மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசுகிற பௌர்ணமி அது. பழைய பஞ்சாங்கத்தைத் தேடித் தேதியைப் பிடித்தார்.

எல்லாருக்கும் இப்படிக் கிடைக்கவில்லை. ஒரு பையனை வளர்ப்பது அவன் சித்தி. நல்ல மழை, வெள்ளிக்கிழமை, அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. கடைசியில் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சித்தியையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவனுக்கும் ஜூன் 1 போடவில்லை.

ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்கினார். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அந்தக் கட்டைவிரல்களின் மையை அவரே துடைத்துவிட்டார். சூளையில் வெடித்த விரல்கள் அவை. முடிந்தபோது மணி பதினொன்றே கால். ஜெராக்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டார், எழுதியதற்கு வாங்கவில்லை.

எனக்கு ஏன் இது இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், என் சர்டிஃபிகேட்டிலும் ஜூன் 1-தான் இருக்கிறது. நான் பிறந்தது ஆடிப்பெருக்கு அன்று. ஒகேனக்கல்லுக்குக் கிளம்பின வண்டியைப் பாதியில் திருப்பிப் பென்னாகரத்துக்கு ஓட்டிவந்த கதையை என் அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஸ்கூலில் சேர்த்த அன்று அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து நானும் 14 அம்மாக்களைக் கேட்காமலேயே எழுதச் சொன்னேனே, அது இன்னும் உறுத்துகிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. வழி சொன்ன மேஷ்ட்ரு, லீவு நாளிலும் வந்த ரெண்டு டீச்சர்கள், டீசலுக்குக்கூடக் காசு வாங்காத டெம்போ அண்ணா, கடை வாசலில் காத்திருந்த பிள்ளைகளுக்குப் பன்னும் பாலும் கொடுத்தனுப்பிய பேக்கரிக்காரர், சாயங்காலம் தாண்டியும் உட்கார்ந்து 14 பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய கிளார்க் சார், அன்றைக்கு அரை நாள் கூலியைப் பிடிக்காத குவாரி மேஸ்திரி, எல்லோருக்கும் கை கூப்பி நன்றி. சத்துணவு சமைக்கிற அம்மா, இனி பிறந்தநாள் வருகிற பிள்ளைக்கு அன்று பாயசம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

என் மகள் மூன்றாவது படிக்கிறாள். அவளுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக் கன்னடம் எழுதப் பழக ஆரம்பித்துவிட்டேன். அடுத்த ஜூனில் புதுப் பிள்ளைகள் வரும்போது அக்காவின் கடையில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட வேண்டும், நானும் கேட்டுக் கேட்டு எழுதுவேன்.

நேற்று சாயங்காலம் சூளைக்குப் போய் ஒடிசா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஸ்கூலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தி, சொல்லு என்பது போல முதுகைத் தட்டினாள். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் சொல்கிற மாதிரியே சத்தமாகச் சொன்னது: "ஏப்ரல் இப்பத்மூரு!"

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
எஸ்.டி.எம்.சி. (பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு) உறுப்பினர்