அலர்ஜின்னா "இங்க வேண்டாம்"னு சொல்ற ஹோட்டல் மேல என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, பையனுக்கு நிலக்கடலை அலர்ஜின்னு சொன்னதும் ஹோட்டல்ல "இங்க வேண்டாம்மா, வேற எடம் பாத்துக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்கன்னு. பசியோட வந்த கொழந்தைய எந்திரிக்கச் சொன்னா பெத்தவங்களுக்குக் கோவம் வரத்தான் செய்யும். ஆனா நான் திருப்பூர்ல ரொம்ப வருசம் மெஸ் நடத்துனவன், அந்த ஹோட்டல்காரர் பக்கம் பேசவும் ஒரு ஆள் வேணுமில்லீங்களா.

நம்ம ஊர் கிச்சனுக்குள்ள வந்து பாருங்க. கடலைச் சட்னி அரைச்ச ஜார்லயேதான் தேங்காச் சட்னியும் ஓடும், கூட்ட நேரத்துல நடுவுல ஒரு தடவ அலசுனாலே பெரிய விசயம். தாளிக்கறது கடலெண்ணெய்ல, குருமா கெட்டியா வர முந்திரி, முந்திரி வெலை ஏறுனா சில எடத்துல அதுலயும் பாதி கடலை. அட, பெருங்காயத்தை எடுத்துக்கோங்க, கடைல விக்கற கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவுலயே பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, எத்தனை மாஸ்டர் அதைப் படிச்சிருக்காரு? கோதுமை ஆகாதவங்க இட்லி சாம்பார்ல என்ன வந்துரப் போகுதுன்னு தைரியமா சாப்புட்டுட்டு இருப்பாங்க. இப்படி இருக்கறப்ப "ஒண்ணும் ஆகாதுங்க, சாப்புடுங்க"ன்னு வாய்க்கு வந்ததச் சொல்ற சப்ளையரப் பாத்தாத்தான் எனக்கு பயம்.

இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் ஒரு இந்தியன் ரெஸ்டாரண்ட்ல 2014-ல நடந்துச்சு. பாதாம் பொடிக்குப் பதிலா செலவு மிச்சம்னு கடலை கலந்த பொடிய வாங்கிப் போட்டிருக்காங்க, கடலை அலர்ஜின்னு முன்னாடியே சொல்லி வாங்கிட்டுப் போனவர் அந்த கறிய சாப்புட்டு செத்துட்டாரு. 2016-ல ஓனருக்கு ஆறு வருசம் ஜெயில். அவரு அன்னிக்கு "எங்களால முடியாது"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு குடும்பமும் தப்பிச்சிருக்கும்.

அதுக்காக யாரை வேணா தொரத்தலாம்னு நான் சொல்லலை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடைல, வெண்புள்ளி இருக்கற பெரியவரை உள்ள உக்கார விடாம பார்சல் கட்டி வெளியவே குடுத்து அனுப்புனதைப் பாத்திருக்கேன், கேட்டா மத்த கஸ்டமர் முகம் சுளிக்கறாங்களாம். அது தொட்டா ஒட்டற வியாதியே கிடையாதுங்க! எச்ஐவி இருக்கறவங்களுக்கு ஹோட்டல்ல சாப்பாடு இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு 2017-ல வந்த சட்டமே இருக்கு. கடலை விசயத்துல தடுக்கறது அந்த ஆளக் காப்பாத்த, இங்க தடுக்கறது பக்கத்து டேபிள்காரர் மூஞ்சிக்காக, ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது.

இன்னொரு கூத்தும் இருக்கு, 2008-ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல உடம்பு ரொம்ப குண்டா இருக்கறவங்களுக்கு ரெஸ்டாரண்ட்ல சாப்பாடே குடுக்கக்கூடாதுன்னு ஒரு மசோதா கொண்டாந்தாங்க, நல்லவேளை கமிட்டியத் தாண்டலை. கல்லாவுல உக்காந்துட்டு ஒவ்வொருத்தர் எடையும் பாக்க முடியுமா, சுகர்காரர் ஜாங்கிரி கேட்டா அது அவர் பாடு அவங்க டாக்டர் பாடு.

நான் கேக்கறது வேற. மத்திய லைசன்ஸ் வாங்குன ஹோட்டலுங்களும், பத்து எடத்துலயோ அதுக்கு மேலயோ கிளை இருக்கற ஹோட்டலுங்களும்தான் எந்த ஐட்டத்துல என்ன அலர்ஜி சாமான் இருக்குன்னு மெனுவுல போடணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இருக்கு, ஆனா நம்ம ஜனம் தெனமும் சாப்புடறது ஒத்தைக் கடைலயும் மெஸ்லயும்தானே. கோதுமை, பால், முட்டை, மீன், இறால் நண்டு, கடலை முந்திரி, சோயா, இவ்வளவுதான் முக்கியமான லிஸ்ட்டு, ஒரு போர்டுல எழுதி கல்லா பக்கத்துல மாட்ட எவ்வளவு ஆகப்போகுது? லைசன்ஸ் புதுப்பிக்கறப்பவே அதிகாரிங்க இதக் கேட்டா கடைக்காரங்க தானா மாட்டிருவாங்க, வாசல்லயே படிச்சுட்டா கொழந்தைய உக்கார வெச்சு எழுப்பற வேலையும் இல்லை.

அந்த அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். மதியம் ஒரு மணிக்குப் போய் கேட்டா எந்த மாஸ்டரும் நின்னு பதில் சொல்ல மாட்டாரு, மூணு மூணரைக்கு கிச்சன் காலியா இருக்கறப்ப போன் போட்டுக் கேளுங்க. கல்லைத் தேச்சுக் கழுவி, நல்லெண்ணெய் விட்டு, சட்னி இல்லாம பொடியோட ரெண்டு தோசை ஊத்திக் குடுக்கற கடைங்களும் இருக்குங்க. அந்தப் பொடில நிலக்கடலை இருக்கான்னு மட்டும் மறக்காம கேட்டுக்கோங்க.

இப்படிக்கு,
பழைய மெஸ்காரர், திருப்பூர்