குறைந்த பராமரிப்பில் செடி வளரும் மீன்தொட்டி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் சந்தோஷம். மீன்தொட்டி வைக்கும் யோசனையும் நல்லதுதான். ஆனால் வாங்கப்போவதாக நீ எழுதிய செடி, மீன் பட்டியலில் பாதியை அடித்துவிடு. சிவப்புச் செடிக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். வெளிச்சம் கூடினால் கரியமில வாயு உருளை வேண்டும், அதற்குப் பிறகு உரம் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பாசி புகுந்துவிடும். வேலை குறைய வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் குறை, செடியைக் கூட்டு. மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் இருந்தால் போதும். ஏறக்குறைய 65 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சின்னது சுலபம் என்று நினைக்காதே. தண்ணீர் குறைவாக இருந்தால், ஒரு வேளை தீனி அதிகமானாலே கெட்டுவிடும். மொத்த எடை 80 கிலோவைத் தாண்டும் என்பதால் ஆடாத, மட்டமான மேசை அவசியம்.

அடியில் சலித்த தோட்டத்து மண் 2.5 செ.மீ. போடு. எருவோ ரசாயன உரமோ கலந்த மண் வேண்டாம். மீனுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் ஏறிவிடும். அதன்மேல் 2-3 மி.மீ. சரளை 3 செ.மீ. உயரத்துக்கு. கல் பெரிதானால் இடுக்கு வழியாக மண் கிளம்பித் தண்ணீர் கலங்கும். சரளைமேல் ஒரு தட்டை வைத்து, அதில் விழும்படி மெல்லத் தண்ணீர் ஊற்று.

நீர்ச்செடிகளில், பின்வரிசையில் வேலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகொரைன். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மரக்கட்டையில் நூலால் கட்டிவிடு. இந்த இரண்டிலும் வேர் கிளம்பும் தடித்த தண்டு மண்ணுக்குள் போகக் கூடாது, போனால் அழுகும். முதல் நாளே தரையில் முக்கால் பங்கு மறைகிற அளவுக்கு நடு. நாலு செடி நட்டுவிட்டு வளரட்டும் என்று காத்திருந்தால் மிச்ச இடம் பாசிக்குத்தான். மேலே ஒரு பிடி ஹார்ன்வொர்ட் செடி மிதக்கட்டும். வேகமாக வளர்வதால், தண்ணீரில் உள்ள சத்தைப் பாசிக்கு முன்பே அது இழுத்துக்கொள்ளும்.

கிரிப்டோகொரைன் உன்னைப் பயமுறுத்தும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நட்ட ஒன்றிரண்டு வாரத்தில் இலைகள் கண்ணாடி போலாகி, விரல் பட்டால் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதே! தண்ணீர் மாறியதால் பழைய இலையை உதிர்க்கிறது, அவ்வளவுதான். வேர் உயிரோடு இருக்கும். கரைந்த இலையை மட்டும் அள்ளி எடு. சில வாரங்களில் புதுக் குருத்து வரும்.

விளக்குக்கு ஒரு டைமர் போட்டு, நாளுக்கு 6 மணி நேரத்தில் தொடங்கு. ஓரிரு மாதம் கழித்துக் கண்ணாடி சுத்தமாக இருந்தால் 8 மணி நேரம் வரை போகலாம், அதற்குமேல் வேண்டாம். ஃபில்டருக்கு ஸ்பாஞ்சும் சின்ன ஏர் பம்ப்பும் போதும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை; கீழே வைத்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அந்தப் பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அது பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதே. தண்ணீர்ப் பரிசோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஹார்லிக்வின் ரஸ்போரா மீன் நாலு, இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலு. பாசி மேய ஒரு நெரைட் நத்தை; உப்பில்லாத நல்ல தண்ணீரில் அதன் முட்டை பொரியாது என்பதால் பெருகிவிடாது. கோல்ட்ஃபிஷ் ஆசையை விட்டுவிடு. அது செடியைத் தின்னும், மண்ணைக் கிளறும், கழிவும் அதிகம்.

அதன்பின் வேலை கொஞ்சம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்று. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துவிட்டு ஊற்று. தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. நோய்க்கு மருந்து வாங்கினால் தாமிரம் இருக்கிறதா என்று பார், இருந்தால் நத்தை செத்துவிடும்.

நீ தொட்டி வைக்க நினைத்திருக்கும் சுவரில் வெயில் விழுமா, விழுந்தால் எத்தனை மணி நேரம்? அதை எழுது. நேர் வெயில் படுமென்றால் தொட்டிக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முத்து