விடை வேற மாதிரி வந்தா அது தப்புன்னு ஆயிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ கணக்குப் பரீட்சை கஷ்டமா இருந்துச்சு, சென்டம் குறையும்னு பசங்க சொன்னத உங்க பேப்பர்ல கட்டம் போட்டு போட்டிருந்தீங்க, அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் 30 வருஷம் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவ, பேப்பர் திருத்துற கேம்புக்கும் பல தடவை போயிருக்கேன்.

அன்னிக்கு எதிர்வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டு வர அவங்க அம்மாவோட நானும் போயிருந்தேன். 1.15க்கு பெல் அடிச்சதும் பசங்க வெளிய வந்து, தண்ணி கூட குடிக்காம கேட்டுப் பக்கத்துலயே வட்டம் கட்டி நின்னுட்டாங்க, உனக்கு என்னடி வந்துச்சு, எனக்கு மைனஸ் வந்துச்சே, ஒன் மார்க்ல பி தானே... இதே பேச்சு. டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் அஞ்சு மார்க் கணக்குக்கு எங்க எதிர்வீட்டுப் பொண்ணு சைன் இன்வர்ஸ் ஒய் ஈக்வல் டு சைன் இன்வர்ஸ் எக்ஸ் பிளஸ் 'சி'ன்னு முடிச்சிருக்கா ('சி'ங்கறது இன்டெக்ரேட் பண்ணி முடிச்சதும் கடைசியில சேக்குற மாறிலி, அதாவது ஏதோ ஒரு மாறாத எண்). கிளாஸ்ல முதல் ரேங்க் வாங்குற பொண்ணு ஒய் இன்டு ரூட் ஒன் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் இன்டு ரூட் ஒன் மைனஸ் ஒய் ஸ்கொயர் ஈக்வல் டு சின்னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான், இவளுக்கு மொகம் வெளுத்துப் போச்சு, அஞ்சு மார்க் போச்சும்மான்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுட்டே வந்தா.

ரெண்டும் ஒரே விடைங்க! முதல்ல உள்ளத சைன் இன்வர்ஸ் ஒய் மைனஸ் சைன் இன்வர்ஸ் எக்ஸ்னு மாத்தி ரெண்டு பக்கமும் சைன் எடுத்தா அந்த ரூட் போட்ட விடை அப்படியே வந்து நிக்கும், வலது பக்கம் சைன் சியும் ஒரு மாறிலிதான, அத திரும்ப சின்னே எழுதிக்கலாம். சாயங்காலம் அவள எங்க வீட்டுத் திண்ணையில உக்கார வச்சு இன்னும் லேசான ஒரு கணக்கு குடுத்தேன், சைன் டூ எக்ஸ இன்டெக்ரேட் பண்ணுன்னு. நேரா போட்டா மைனஸ் காஸ் டூ எக்ஸ் பை டூ வருது, சைன் எக்ஸ யூன்னு வச்சுப் போட்டா சைன் ஸ்கொயர் எக்ஸ் வருது, காஸ் எக்ஸ யூன்னு வச்சா மைனஸ் காஸ் ஸ்கொயர் எக்ஸ். இன்டெக்ரேட் பண்ணினத டிஃபரன்ஷியேட் பண்ணினா பழைய கணக்கே திரும்ப வரணும், அதனால மூணையும் டிஃபரன்ஷியேட் பண்ணச் சொன்னேன், மூணுமே சைன் டூ எக்ஸ்லயே வந்து நின்னுச்சு. சைன் ஸ்கொயருக்கும் மைனஸ் காஸ் ஸ்கொயருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 1, அந்த 1 'சி'க்குள்ள போயிடுது. மிஸ், அப்போ அந்த சி சும்மா போடுறது இல்லையான்னு கேட்டா பாருங்க, ரெண்டு வருஷமா மார்க் போயிடுமேன்னு பயந்து பயந்து போட்ட சி அன்னிக்குத்தான் அவளுக்குப் புரிஞ்சிருக்கு. மூஞ்சி கழுவிட்டு வந்து அடுத்த பரீட்சைக்குப் புக்க எடுத்துட்டா.

ஆனா அந்த வட்டத்துல நின்ன எல்லாருக்கும் இப்படி ஒருத்தர் பக்கத்துல இருந்திருப்பாங்களா? நுண்கணிதத்துல விடைக்குப் பல உருவம் உண்டுங்கறது தெரியாம, நல்லாப் படிக்கிற பிள்ளை சொன்னதுதான் சரின்னு நெனச்சு, சரியா எழுதின பிள்ளை ராத்திரி பூரா தூங்காம கெடக்குது, அடுத்த பேப்பரும் போகுது, அதான் எனக்கு வயிறு எரியுது. கடைசி வரி தப்பானாலே அஞ்சு மார்க்கும் போயிடாது, ஸ்டெப்புக்கு மார்க் இருக்கு, நானே போட்டிருக்கேன். எழுத்துத் தேர்வு 90 மார்க், அதுல 20 தான் ஒன் மார்க், மிச்சம் 70ம் ஸ்டெப் எழுதுற கேள்விங்கதான். ரிசல்ட் வந்தப்புறம் சந்தேகம் இருந்தா விடைத்தாள் நகல் வாங்கிப் பாக்கலாம், மறுகூட்டல் மறுமதிப்பீடு எல்லாம் இருக்கு.

பெத்தவங்க கேட்டுல வச்சே எத்தன மார்க் வரும்னு கேக்காம சாப்பாட்டக் கையில குடுங்க. ஆசிரியர் ஐயா உங்ககிட்டயும் ஒன்னு கேக்கணும், அடுத்த மார்ச்ல கணக்குப் பரீட்சைக்கு மறுநாள் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலயே ஒரு கணக்கு டீச்சரக் கேட்டு நாலு வரி போடுங்க, சைன் டூ எக்ஸ் கணக்கையே போட்டாலும் போதும், மூணு விடையையும் வரிசையா அச்சடிச்சு மூணும் சரின்னு கொட்டை எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
திண்டுக்கல்