மண்டபங்களின் முழக்கத்துக்கு மண்பானை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் இப்போது கட்டப்படும் குளிரூட்டிய திருமண மண்டபங்களில் நாகஸ்வரமும் தவிலும் ஒன்றோடொன்று கலந்து குழம்பி, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாமல் போவதற்கு ஒலிபெருக்கிக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. கட்டடத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. கட்டும்போதே மண்பானைகளைப் பதித்து அந்த முழக்கத்தைத் தணிக்கலாம் என்பதே என் யோசனை.

நம் பழைய வீடுகளின் வழுவழுப்பான சுவர்ப்பூச்சும் ஆத்தங்குடித் தளமும் ஒலியை உறிஞ்சாதவைதாம். ஆயினும் வளவு எனப்படும் முற்றக்கட்டின் நடுவே வானம் திறந்திருந்தது. அவ்வழியே போன ஒலி திரும்பி வராது. அரங்க ஒலியியலுக்கு அடித்தளமிட்ட ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன், ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்பதைத் திறந்த ஜன்னலின் பரப்போடு ஒப்பிட்டே அளந்தார். புதிய மண்டபங்களிலோ நாற்புறமும் பளிங்கும் கண்ணாடியும் அடைத்து நிற்கின்றன.

திரைச்சீலையும் கம்பளமும் கீச்சொலிகளை அடக்கும். தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் தாழ்ந்த ஒலியை அவற்றால் பிடிக்க முடியாது. அத்தகைய 90 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 90 அதிர்வுகள்) ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 12 அடி. அந்த ஒலியை ஓரடி அகலப் பானை சிறைப்பிடிக்கும் என்பதுதான் ஒத்ததிர்வின் வியப்பு. பானையின் கழுத்திலுள்ள காற்று எடையாகவும் வயிற்றிலுள்ள காற்று சுருள்வில்லாகவும் செயல்படுவதால், தனக்குரிய அதிர்வெண் வந்ததும் கழுத்துக் காற்று வேகமாக முன்னும் பின்னும் ஆடி, சுற்றியுள்ள அலையின் ஆற்றலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய தத்துவம் இது. 20 லிட்டர் கொள்ளளவும், 8 செ.மீ. அகல வாயும், 4 செ.மீ. கழுத்தும் உள்ள பானை சுமார் 90 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும்.

வெறும் பானையைப் பதித்தால் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிடித்த ஒலியை அது சிறிது நேரம் வைத்திருந்து மீண்டும் மண்டபத்துக்குள்ளேயே விட்டுவிடும். கழுத்தில் தளர்வாகத் தேங்காய் நார் வைத்தால்தான் உராய்வினால் அந்த ஆற்றல் வெப்பமாக மாறித் தீரும். ஒரு பானை ஒரு குறுகிய அதிர்வெண் வரம்பையே பிடிப்பதால், மண்டபத்தை முதலில் அளந்து, எந்த ஒலிகள் தங்கி முழங்குகின்றன என்று அறிந்து, அதற்கேற்பப் பல அளவுகளில் பானைகள் வேண்டும். பெரிய மண்டபத்தில் பேருக்கு நான்கைந்து வைத்தால் பயனிராது.

கடத்தைச் சுருதிக்கேற்ப வனையும் கைகள் நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையிலேயே இருக்கின்றன. ஆகவே மண்டபம் எழுப்புவோரும், பள்ளி அரங்குகளைத் திட்டமிடும் பொறியாளர்களும், வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன்பே ஒலியியல் வல்லுநரையும் மானாமதுரைக் குயவரையும் கலந்து, கூரைக்கடியிலும் மூலைகளிலும் இத்தகைய பானைகளுக்கு இடம் ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி.