நாடி தேடிய மிஸ்ஸிக்கு

அன்புள்ள தாதி மிஸ்ஸிக்கும், என்னைத் தாங்கிய எல்லோருக்கும்,

போன மாதம் கிளினிக்குக்கு நன்றி சொல்ல வந்தபோது, நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் இடது கையால் எழுதும் ஆசிரியை. கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் கை கடுத்துத் தானாக இறங்கிவிடும். பின்னேரமானால் காய்ச்சல் குணம், உடம்பு மெலிவு. போன இடங்களில் இரத்தம் குறைவு, யோசனை கூடிவிட்டது என்றார்கள். எட்டு மாதம் இரும்புக் குளிசை போட்டேன்.

உப்புவெளியில் அந்தச் சின்னக் கிளினிக்கில் என் இடது மணிக்கட்டில் நாடி உங்களுக்குப் பிடிபடவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். ஏதோ ஓர் இலக்கத்தை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் என் வலது கையை வாங்கினீர்கள். பிரஷர் வலதில் 140, இடதில் 90. "கொஞ்சம் இருங்கோ தங்கச்சி" என்று டொக்டரைக் கூட்டிவந்தீர்கள். அவர் காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ஒடுங்கிய குழாயில் இரத்தம் நெருக்கி ஓடும்போது ஓர் இரைச்சல் வருமாம்.

கொழும்பில் ஸ்கான் எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது: டக்கயாசு நோய். 1908 இல் 21 வயதுப் பெண் ஒருத்தியின் கண்ணில் இரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்திருந்ததை விவரித்த ஜப்பானியக் கண் வைத்தியரின் பெயர் அது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயான பெருநாடியையும் அதன் கிளைகளையும் தாக்கி, சுவரை வீங்கவைத்து, வழியை ஒடுக்கிவிடுகிறது. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத்தான் வருகிறது. நான் கேள்விப்பட்டதே இல்லை.

இரவு ரயிலுக்கு ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட்டு, காசு வாங்காமல் திரும்பிய ஓட்டோ அண்ணாவுக்கு நன்றி. உப்பைக் குறைத்துத் தனியாகச் சமைத்துத் தந்த மச்சாளுக்கும். "பிள்ளைகளுக்கு ஒட்டுமோ?" என்று பெற்றோர் கேட்டபோது, இது தொற்றுநோயே இல்லை என்று ஒவ்வொருவரையும் இருத்தி விளக்கிய எங்கள் அதிபரை என்னால் மறக்க முடியாது.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தால் முகம் ஊதிப்போய், கண்ணாடி பார்க்கவே மனமில்லாமல் குளிசையை விடப்போனேன். மருந்துக்கடைத் தம்பி மறித்தார். மாதக்கணக்காகப் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதைச் சுரக்காமல் ஆபத்தாகிவிடும், வைத்தியர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடத்துக்கு நன்றி, தம்பி.

மிஸ்ஸி, இப்போது பிரஷர் பார்க்கும் எவரிடமும் "வலது கையில் பாருங்கோ" என்று நானே சொல்கிறேன். இடது கை சரியான கணக்கைக் காட்டாது. பலகையில் பாதி எழுதிவிட்டு உட்காருகிறேன். மீதியைப் பிள்ளைகள் முறைவைத்து எழுதுகிறார்கள். திருகோணமலைப் பக்கம் வந்தால் ஒரு தரம் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்.

நன்றியுடன்,
உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை