எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். அரூர் வட்டத்தில் உள்ள எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் சென்ற சூன் மாதம் ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியர் தாமாகப் படிக்கக் கற்றுக்கொள்ளவும், கல்லூரிப் படிப்புக்கு உரிய காலத்திலேயே ஆயத்தமாகவும் ஆண்டு முழுவதும் தோள்கொடுத்த உங்கள் எல்லோருக்கும், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் சார்பிலும் பெற்றோர் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன். ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை போர்த்தி நன்றி கூறுவது நம் வழக்கம். ஆனால் யார் எதைச் செய்தார் என்பதை விளக்கமாகச் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை. நீங்கள் செய்தது இன்னதென்று ஊராரும், அடுத்த ஆண்டு பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சுற்றியுள்ள சிற்றூர்களின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளே எங்களிடம் வருகிறார்கள். சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் அவர்களுள் உண்டு. நடுநிலைப் பள்ளியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடு வாசலும் தெரியும். இங்கே வந்ததும் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் மாறும் முகங்கள், வரலாறும் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் ஒன்றாய்க் கட்டப்பட்ட கனத்த சமூக அறிவியல் நூல் என எல்லாம் ஒரே வாரத்தில் அவர்கள்மீது வந்து இறங்குகின்றன. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி உண்டு. பத்தாம் வகுப்பிலோ அரசுப் பொதுத்தேர்வு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இந்த ஓராண்டில்தான் ஒரு பிள்ளை தானே உட்கார்ந்து ஒரு பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளப் பழகியாக வேண்டும். அதைப் பழக்குவதற்கென்று பாடவேளை அட்டவணையில் தனி இடம் கிடையாது. "எது முக்கியமான கேள்வி, ஐயா?" என்று கேட்டு, கைடில் உள்ள விடையை வரி பிசகாமல் நெட்டுருப் போடுவதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பு என்று நினைத்திருந்தார்கள். மனப்பாடத்தை நான் குறைத்து மதிப்பிடுகிறவன் அல்லேன். குறளும் வாய்பாடும் நெஞ்சில் நிற்க வேண்டியவைதாம். ஆனால் அறிவியல் பாடத்தைப் பொருள் அறியாமல் ஒப்பிக்கும் பிள்ளை, வினா சற்று மாறி வந்தாலும் விடைத்தாளை வெறுமையாக விட்டுவிடுகிறது.

முதல் நன்றி நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு உரியது. மாற்றுச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும்தான் இருக்கும். நீங்கள் கோடை விடுமுறையிலும் நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள். அதில் மதிப்பெண்களை நீங்கள் பட்டியலிடவில்லை. "இவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை, கூச்சத்தால் சொல்ல மாட்டான்" என்று ஒரு தாளில் இருந்தது. "இவளுக்குத் தமிழில் சொன்னால் கணக்கு உடனே வரும், வினாவைத் தானே வாசிக்கச் சொன்னால் தடுமாறுவாள்" என்று இன்னொன்றில் இருந்தது. அந்தச் சிறுவனை முதல் வாரத்திலேயே முன் வரிசையில் உட்கார வைத்து, கண் பரிசோதனைக்கும் அனுப்ப முடிந்தது. இப்போது கண்ணாடி அணிந்து வருகிறான். அந்தத் தாள் இல்லையென்றால் அவனைக் கவனக்குறைவான பிள்ளை என்றே அரையாண்டு வரை எண்ணியிருப்போம்.

சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து படித்த எங்கள் முன்னாள் மாணவ மாணவியருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நீங்களே கல்லூரியில் தேர்வுகளை வைத்துக்கொண்டு, கிடைத்த பேருந்தில் வந்து இறங்கினீர்கள். சேலத்தில் உளவியல் படிக்கும் மாணவி நடத்திய முதல் வகுப்பு பிள்ளைகளால் மறக்க முடியாதது. எர்மான் எப்பிங்கவுசு என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டதை அவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ‘தௌகு’, ‘நிமோ’ என்பது போன்ற பொருளற்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை உருப்போட வைத்து, அழித்தும் விட்டார். அடுத்த நாள் எழுதச் சொன்னபோது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. மறப்பது தம் அறிவின் குறையன்று, எல்லோருக்கும் இயல்பாக நேர்வது என்று அன்றுதான் பல பிள்ளைகள் உணர்ந்தார்கள். "எனக்கு மூளை இல்லை, டீச்சர்" என்று ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சொல்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு விளங்கும்.

அதன் பிறகு நீங்கள் பழக்கிய முறை எளிமையானது. ஒரு பக்கத்தை மட்டும் வாசிப்பது, நூலை மூடிவிடுவது, நினைவில் நின்றதைத் தம் சொற்களில் மூன்று நான்கு வரிகளில் எழுதுவது, பின்பு நூலைத் திறந்து விட்டுப்போனதை வேறு மையில் சேர்ப்பது. அதே பக்கத்தை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது. குறிப்பேட்டின் இடப்புறத்தில் நான்கு விரற்கடை அகலம் விட்டுக் கோடிழுத்து, வலப்புறத்தில் பாடக் குறிப்பையும் இடப்புறத்தில் அதற்குரிய கேள்வியையும் எழுத வைத்தீர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950-களில் பரப்பிய முறை இது என்று பின்னர் எங்களுக்குச் சொன்னீர்கள். வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பது மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கேள்வி கேட்கத் தயங்கியவர்கள் தாமே கேள்வி எழுதத் தொடங்கியதுதான் ஆசிரியர்கள் எல்லோரும் கண்ட பெரிய மாற்றம்.

ஓசூரில் ஓர் இயந்திரத் தொழிற்கூடத்தில் நெடுங்காலம் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருக்கும் ஐயா அவர்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடு. சிறு நீளங்களை நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவியின் படத்தைப் பார்த்து, மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அந்த அளவு கையில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பவை எல்லோர் கைக்கும் போதவில்லை. தாங்கள் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த சொந்த அளவியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்து, சைக்கிள் சக்கரத்து இரும்புக் குண்டுமணியையும் பேனா மூடியையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் அளக்க வைத்தீர்கள். முதன்மைக் கோல் அளவை முதலில் எழுது, பிறகு எந்தக் கோடு எதனோடு நேராக நிற்கிறது என்று பார், அவசரப்படாதே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரே குண்டுமணியை மூன்று பேர் அளந்து மூன்று விடை வந்தபோது, யார் சொன்னது சரி என்று தாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. மூவரையும் மறுபடி அளக்கச் சொன்னீர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான், எனக்கு என்ன தெரியும் என்று தயங்கிய தாங்கள், ஒரு கல்லூரிப் பேராசிரியர் கற்றுத்தர வேண்டியதைக் கற்றுத்தந்தீர்கள்.

கல்லூரிக்கான ஆயத்தம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தொடங்கும் வேலை என்றே நம் ஊரில் நெடுநாள் எண்ணம் இருந்தது. அதை மாற்றிய பெருமை, மாலை ஏழு மணிக்கு மேல் தெருத் தெருவாகப் பெற்றோர் கூட்டம் நடத்த ஒப்புக்கொண்ட கல்லூரிப் பேராசிரியர் அவர்களையும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களையும் சேரும். மரவள்ளிக் காட்டிலிருந்தும் மஞ்சள் காட்டிலிருந்தும் வீடு திரும்பும் தாய்மார் பகல் பொழுதில் பள்ளிக்கு வர இயலாது என்பதை நீங்கள் உணர்ந்திருந்தீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளில் 2021-இலும் வந்தது என்பது பலருக்குத் தெரியும். அதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கடன் வாங்கியாவது பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணியிருந்த குடும்பங்கள், அந்த ஒரு செய்தியைக் கேட்டுத் தம் முடிவை மறுபடி யோசித்தன. புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாணவியருக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாணவருக்கும் கல்லூரியில் மாதம் ₹1000 கிடைப்பதையும் எடுத்துச் சொன்னீர்கள். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பாடப்பிரிவை எடுத்தால் பொறியியல் கதவு அடைபடும் என்பதையும், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும், எல்லோரும் பொறியியலுக்கே போக வேண்டியதில்லை என்பதையும் ஒரே நிதானத்தோடு விளக்கினீர்கள். கடைசியாகச் சொன்னதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

சான்றிதழ் வேலைகளில் உதவிய கிராம நிர்வாக அலுவலர் அவர்களையும் இ-சேவை மையப் பணியாளரையும் இங்கே நினைவுகூர்கிறேன். ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து வேறு என்று இருந்தால், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவித்தொகை நின்றுபோகும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறிய மாணவிக்கு ஆண்டுக்கு ₹12,000 என நான்கு ஆண்டுகள் வர வேண்டிய தொகை, பெயரில் ஓர் எழுத்துப் பிழையால் தடைபட இருந்தது. நீங்கள் இருவரும் மாலை வரை காத்திருந்து அதைச் சரிசெய்து கொடுத்தீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே பெரும்பாலான பிழைகள் களையப்பட்டுவிட்டன; அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இரவுப் படிப்பு நேரத்தில் மின்விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட விடுதிக் காப்பாளர், ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கிவைத்த ஊர்ப்புற நூலகர், சனிக்கிழமைகளில் அழைக்காமலே வந்து சுண்டல் வேகவைத்துத் தந்த சத்துணவுப் பணியாளர் அம்மாமார் ஆகியோருக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. திருப்பூரிலும் பெங்களூருவிலும் வேலை செய்துகொண்டு, இரவில் தொலைபேசியில் அழைத்து, "இன்றைக்கு நூலை மூடிவிட்டு என்ன எழுதினாய், படித்துக்காட்டு" என்று கேட்ட பெற்றோருக்கும் நன்றி.

ஆண்டுத் தேர்வு முடிந்துள்ள இந்நிலையில், நடந்ததை மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் விடைத்தாள்கள் தெளிவாக மாறியிருக்கின்றன. சொந்தச் சொற்களில் எழுதப்பட்ட விடைகளைத் திருத்துவதே ஒரு மகிழ்ச்சியாக இருந்தது. ஆங்கிலத்தில் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் இன்னும் சில பிள்ளைகளுக்கே வந்திருக்கிறது. கணக்கில் பின்தங்கியவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னங்களிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. அதற்குச் சனிக்கிழமை மட்டும் போதவில்லை.

ஆகவே வரும் சூனில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் துணையை வேண்டுகிறோம். மே மாத இறுதியில் பள்ளி வளாகத்தில் கூடி, சனிக்கிழமை வகுப்புகளின் கால அட்டவணையை உங்களோடு சேர்ந்து முடிவு செய்ய எண்ணியுள்ளோம். வார நாட்களில் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித்தரக்கூடிய இருவர் கிடைத்தால் பேருதவியாக இருக்கும். இந்த ஆண்டு பயின்ற பிள்ளைகளில் சிலர், புதிதாக வருவோருக்குக் குறிப்பேட்டில் கோடிழுத்துக் கேள்வி எழுதும் முறையைத் தாமே கற்றுத்தருவதாக முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வகுப்பை எப்படி நடத்துவது என்று காட்டிக்கொடுக்க நீங்கள் வர வேண்டும்.

மிக்க நன்றியுடன்,
ஒன்பதாம் வகுப்புப் பொறுப்பாசிரியர்,
உடன் ஆசிரியர்கள் மற்றும் பெற்றோர் சார்பாக